அடித்தண்டைத் தோண்டிப் பார்க்காத காளானைச் சமைக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் காளான் இரண்டு விதமாகச் செய்திக்கு வரும். முறம் அளவு காளானை ஏந்திக்கொண்டு ஒருவர் நிற்கும் படம் ஒன்று. காட்டுக் காளான் குழம்பு சாப்பிட்ட குடும்பம் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது என்ற நான்கு வரி இன்னொன்று. அந்த நான்கு வரிக்குக் கீழே சில சமயம் ஒரு கட்டம் போட்டு, விஷக் காளானைக் கண்டுபிடிக்கும் வழிகள் என்று சில குறிப்புகள் தருகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் தருகிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் வழக்கமாக வருபவை ஏறக்குறைய எல்லாமே தவறு. அவற்றை நம்பி உலை வைப்பவரின் உயிர் போகலாம். காளான் வளர்ப்பவர்களும் தாவரவியல் கற்பிப்பவர்களுமாக நாங்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதக் காரணம் அந்தக் கட்டம்தான். கடிதம் நீளமானது. இரண்டு மூன்று நாள்களாகப் பிரித்தாவது வெளியிட வேண்டுகிறோம்.

கொதிக்கும் காளானில் வெள்ளிக்காசைப் போட்டால் கறுக்கும் என்பது முதல் குறிப்பு. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். வெந்த முட்டை பட்டாலும் வெள்ளிக் கரண்டி கறுக்கும். அதனால் முட்டை விஷமாகிவிடாது. ஆளைக் கொல்லும் அமானிடா வகைக் காளான்களின் நஞ்சோ வெள்ளியை ஒன்றும் செய்வதில்லை. காசு பளபளவென்றே கிடக்கும். மஞ்சள்தூள் போட்டால் நிறம் மாறும் என்பது அடுத்தது. மஞ்சள் சிவப்பது சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் மட்டுமே. ஆரத்தி கரைத்த எவருக்கும் இது தெரியும். காளான் நஞ்சுக்கும் அந்தச் சிவப்புக்கும் தொடர்பில்லை. அரிசியோ பூண்டோ சேர்த்து வேகவைத்து நிறம் பார்ப்பதும் இதே கதைதான்.

பூச்சியும் நத்தையும் கடித்த காளான் நமக்கும் ஆகும் என்கிறார்கள். நத்தையும் புழுவும் கொடிய நஞ்சுக் காளானையே மேய்ந்துவிட்டு நலமாக ஊர்ந்து போகும். அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு. புளி கரைத்து ஊற்றினால், வெந்த நீரை வடித்துவிட்டால், வெயிலில் காயப்போட்டால் விஷம் முறியும் என்பது இவற்றிலெல்லாம் மோசமானது. அமானிட்டின் என்ற அந்த நஞ்சு கொதிநீரில் அழியாது, உலர்த்தினாலும் அழியாது, குளிர்பெட்டியில் உறையவைத்தாலும் அழியாது. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 மில்லிகிராம் போதும் என்று கணக்கிடுகிறார்கள். நன்கு வளர்ந்த ஒரே ஒரு காளானில் ஓர் ஆளைக் கொல்லும் அளவு இருக்கக்கூடும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பளிச்சென்ற நிறம் என்றால் விஷம், வெள்ளை என்றால் நல்லது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நீலகிரியில் பைன் மரத்தடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்தாற்போல் முளைக்கும் காளானைப் பார்த்துப் பயப்படுவார்கள். அதுவும் நஞ்சுதான், தொடக்கூடாததுதான். ஆனால் உலகில் காளானால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொல்வது வெளிறிய பச்சையிலோ தூய வெள்ளையிலோ சாதுவாக நிற்கும் அமானிடா இனங்கள். சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் ருசியாகவே இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கசப்பு, நாற்றம் என்று நாக்கும் மூக்கும் எச்சரிக்கும் என்று காத்திருக்கக் கூடாது.

எல்லாக் காளானுக்கும் பொதுவான சோதனை ஏன் இல்லை என்றால், காளான் விஷம் என்பது ஒரே பொருள் இல்லை. ஈரலை அழிப்பது ஒன்று. வியர்வையும் எச்சிலும் கண்ணீரும் பெருகவைத்து இதயத் துடிப்பைக் குறைப்பது இன்னொன்று. குடலை மட்டும் கலக்கிவிடுவது வேறொன்று. வேதியியலில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இத்தனையையும் ஒரு காசோ ஒரு சிட்டிகை மஞ்சளோ எப்படிக் காட்டிக்கொடுக்கும்? ஒவ்வொரு காளானையும் தனித்தனியாக, அடிமுதல் நுனிவரை அறிவது ஒன்றே வழி. மனிதர்களை முகம் பார்த்துத்தானே அறிகிறோம்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் தேடிப் பறித்துச் சாப்பிடுவது பெரும்பாலும் புற்றுக்காளான்தான். அதனோடு மாறிப்போகக்கூடியவற்றில் முக்கியமானது, புல்தரையிலும் தோப்பிலும் எருக்குழி ஓரத்திலும் முளைக்கும் ஒரு பெரிய வெள்ளைக் காளான். அதன் அறிவியல் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ். அதன் வித்துத்தூள் பச்சையாக இருப்பதால் இந்தக் கடிதத்தில் பச்சைத்தூள் காளான் என்று சொல்கிறோம். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தாலே மழைக்கால வாந்தி, வயிற்றுப்போக்குச் செய்திகள் பெருமளவு குறையும் என்பது எங்கள் துணிபு.

புற்றுக்காளானின் பிழைப்பே கறையானோடுதான். டெர்மிடோமைசஸ் என்பது அதன் இனப்பெயர். கறையான்கள் சருகையும் மரத்தூளையும் மென்று, மண்ணுக்கடியில் கடற்பஞ்சு போலக் கண்கண்ணாக ஒரு கூடு கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. மழைக்காலத்தில் அந்தக் கூட்டிலிருந்து ஒரு தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. கறையான் அரித்த மண்ணில் காளான் பூப்பதைச் சங்கப் புலவர்களே கவனித்துப் பாடியிருக்கிறார்கள். கறையான் இல்லாமல் இது வளராது. அதனால்தான் பால் காளான், சிப்பிக் காளான் போல இதைப் பண்ணையில் வளர்த்து விற்க முடிவதில்லை. ‘பண்ணைப் புற்றுக்காளான்’ என்று ஆண்டு முழுவதும் யாராவது விற்றால் அது வேறு காளான்.

இந்தப் பிறப்பு முறைதான் அதன் அடையாளத்தையும் தருகிறது. கூடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீளத்துக்குத் தண்டின் அடி, வேர் போல மெலிந்துகொண்டே மண்ணுக்குள் இறங்கும். ஒரு சாணும் இருக்கலாம், ஒரு முழத்துக்கு மேலும் போகலாம். மண்ணைத் துளைத்து வரவேண்டியிருப்பதால் குடையின் நடுவில் கெட்டியான ஒரு கூர்முனை இருக்கும். குடை முழுக்க விரிந்து விளிம்பு கிழிந்த பிறகும் அந்த முனை நிற்கும். பெரும்பாலும் அது மற்ற பகுதியைவிடக் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரியும்.

மேலே பிடித்து இழுத்தால் இந்த அடித்தண்டு மண்மட்டத்தோடு முறிந்துபோகும். சாலையோரம் கூறுகட்டி விற்பவர்கள் மண் ஒட்டிய பகுதியை நறுக்கி எறிந்துவிடுவார்கள். இரண்டிலும் காளானின் முகவரி போய்விடுகிறது. ஆகவே ஓரிடத்தில் பத்து முளைத்திருந்தால் ஒன்றையாவது முழுதாகத் தோண்டி எடுக்க வேண்டும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தால் சரிவாக மண்ணை எடுத்து, பக்கவாட்டில் தண்டை அணுகிக் கீழே தொடர்ந்து போக வேண்டும். தண்டு மெலிந்துகொண்டே இறங்கினால், அறுத்துப் பார்க்கையில் உள்ளே வெள்ளையாக நார்நாராக இருந்தால், முடிவில் பழுப்புநிறக் கூட்டுத் துண்டும் கறையானும் தெரிந்தால், முதல் அடையாளம் சரி. தண்டு இரண்டு மூன்று அங்குலத்திலேயே உருண்டையாகப் பருத்து முடிந்தாலோ, அடியில் கிழிந்த முட்டை ஓடு போன்ற பை தெரிந்தாலோ அது புற்றுக்காளான் இல்லை. அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். மற்ற ஒன்பதையும் தோண்ட வேண்டாம். திருகி எடுத்துக்கொண்டு, கிளறிய மண்ணை மூடிவிடுங்கள். புற்றையே வெட்டிப் பிளந்தால் அடுத்த மழைக்கு அங்கே காளான் இருக்காது.

புற்றின் மேல் முளைத்தது எல்லாம் புற்றுக்காளான் என்று எண்ணுவதும் தவறு. அந்த இனத்தைச் சேர்ந்த பல, மேலே மேடு எதுவும் தெரியாத வெற்றுத் தரையில்தான் வரும். கூடு மண்ணுக்கடியில் இருக்கும். மறுபுறம், புற்றைச் சுற்றியுள்ள புல்லில் பச்சைத்தூள் காளான் முளைக்க எந்தத் தடையும் இல்லை. வறண்ட நிலத்துப் புற்றுகளில் குடை விரியாமல் உலக்கை போல நிற்கும் காளான் ஒன்றும் உண்டு. நீளவாக்கில் பிளந்தால் இளசில் வெள்ளையாகவும் முற்றினால் உள்ளே கருந்தூளாகவும் இருக்கும். ராஜஸ்தானில் இளசாக இருக்கும்போது சமைக்கிறார்கள். நம் ஊரில் பழக்கமில்லாதவர்கள் அதைப் புற்றுக்காளான் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேர் போன்ற அடித்தண்டு ஒன்றை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். புதைந்த கட்டையிலிருந்து இதேபோல் நீளமாக வேர்விட்டு வரும் வேறு காளான்களும் இருக்கின்றன. இரண்டாவது சாட்சி செவுள். குடையைத் திருப்பினால் விசிறி மடிப்புபோல் தெரியும் தகடுகளைத்தான் செவுள் என்கிறோம். புற்றுக்காளானில் அவை தண்டைத் தொடாமல், தண்டைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டு நிற்கும். மூன்றாவது சாட்சி வித்துத்தூள். பள்ளிப் பாடத்தில் ஸ்போர் என்று படித்திருப்போம். இது கண்ணால் பார்க்கக்கூடிய சோதனை, செலவில்லாதது. எங்கள் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான்.

விரிந்த குடை ஒன்றைத் தண்டு இல்லாமல் அறுத்தெடுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கும் தாளில் செவுள் கீழே இருக்கும்படி வையுங்கள். கண்ணாடித் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் எந்த நிறத் தாளையும் வைத்துப் பார்க்கலாம். குடையின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, 6 முதல் 12 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் செவுள் வடிவிலேயே தூள் படிந்திருக்கும். அதைப் பிளேடால் சுரண்டி ஒரு சிறு குவியலாக்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய படிவாக இருக்கையில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். குவித்தால்தான் வேறுபாடு புலப்படும். மஞ்சள் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

புற்றுக்காளானின் தூள் வெளிறிய இளஞ்சிவப்பு. பச்சைத்தூள் காளானுடையது பாசிப் பச்சை அல்லது சாம்பல் கலந்த பச்சை. தூய வெள்ளையாக விழுந்தால் அமானிடா, லெபியோட்டா போன்றவையாக இருக்கலாம். லெபியோட்டாவில் சுண்டுவிரல் உயரச் சிறு காளான்கள் சிலவற்றிலும் அதே ஈரல் நஞ்சு உண்டு. காப்பிப்பொடி நிறம் வந்தால் மொட்டுக்காளானின் காட்டு உறவினர்கள். இவற்றின் செவுளும் இளசில் இளஞ்சிவப்பாகவே இருக்கும் என்பதால் செவுளின் நிறத்தை வைத்து ஏமாறுகிறார்கள். தூள்தான் உண்மை பேசும். இந்தக் கூட்டத்தில் கீறினால் பளிச்சென்று மஞ்சளாகி, மை நாற்றம் அடிப்பவை வயிற்றைக் கெடுக்கும்.

இந்த அச்சு எடுப்பதிலும் சில தவறுகள் நேரும். மொட்டுக் குடையில் தூள் விழாது. அடியில் சவ்வு மூடியிருக்கும் பருவத்தில் எந்தச் சோதனையும் செல்லாது. அதனால்தான் காட்டில் மொட்டாக இருப்பதைப் பறிக்கவே வேண்டாம் என்கிறோம். காய்ந்து சுருங்கியதும், குளிர்பெட்டியில் ஒருநாள் கிடந்ததும் சரியாகத் தூவாது. தூள் விழவில்லை என்றால் சோதனை முடியவில்லை என்றுதான் பொருள். வெள்ளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பச்சைத் தூளின் நிறம் நாள்பட மங்கும். அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, இளஞ்சிவப்புத் தூள் வந்தாலே நல்ல காளான் என்று துள்ள வேண்டாம். என்டோலோமா என்ற பெருங்கூட்டத்துக்கும் தூள் இளஞ்சிவப்புதான். அவற்றில் நஞ்சுள்ளவை உண்டு. ஆனால் அவற்றின் செவுள் தண்டோடு ஒட்டியிருக்கும். புற்றுக்குள் இறங்கும் அடித்தண்டும் இராது. இதனால்தான் அடித்தண்டு, கூர்முனை, ஒட்டாத செவுள், இளஞ்சிவப்புத் தூள், அடியில் பை இல்லாமை ஆகிய ஐந்தும் ஒரே காளானில் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறோம். நான்கு சரி, ஒன்று சந்தேகம் என்றால் அது குப்பைக்குப் போகட்டும்.

அரிசி இறைத்தாற்போல் நூற்றுக்கணக்கில் தரையை மூடி வரும் சிறு புற்றுக்காளான் மட்டும் இதற்கு விலக்கு. குடை விரல்நகம் அளவு, ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். கறையான்களே கூட்டின் துண்டுகளை மேலே கொண்டுவந்து போடுவதால் அதற்கு நீண்ட அடித்தண்டு இருக்காது. சிறிய வெள்ளைக் காளான்களில் நஞ்சுள்ளவை பல. எனவே இந்தச் சிறு வகையை அதே இடத்தில் ஆண்டாண்டாகப் பறித்துவரும் பெரியவர் ஒருவர் நேரில் காட்டினால் மட்டும் எடுங்கள். எழுத்தில் படித்துவிட்டுப் போகவேண்டிய காளான் அது இல்லை. எங்கள் கடிதத்தைப் படித்துவிட்டும் போக வேண்டாம்.

பச்சைத்தூள் காளானை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடை 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை விரியும். வெள்ளைக் குடையின் நடுவில் பழுப்புநிறச் செதில்கள் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும். தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம் ஒன்று உண்டு. புற்றுக்காளானில் சில வகைக்கும் வளையம் உண்டு என்பதால் வளையத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். மழைக்கு மறுநாள் விளையாட்டுத் திடலிலும் பள்ளி வளாகப் புல்லிலும் வட்டமாக முளைத்து நிற்கும். தொல்லை என்னவென்றால், இதன் செவுள் முதலில் வெள்ளையாகத்தான் இருக்கும். தூள் முற்றிய பிறகே பச்சை படரும். இளசாகப் பறித்தவர் கண்ணுக்கு அது பால்போல் வெள்ளையான, அகலமான, கறிக்கு ஏற்ற காளான். சாப்பிட்டு அரைமணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கிவிடும். பெரியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். குழந்தைகளுக்கு நீரிழப்பு விரைவாக முற்றும் என்பதால் அலட்சியம் கூடாது.

வெள்ளையாக இருப்பதாலேயே பால் காளான் என்று காட்டில் பறிப்பவர்களும் உண்டு. பால் காளான் நம் மண்ணுக்குரியதுதான். வங்காளத்தில் காட்டிலிருந்து கண்டெடுத்து 1974-இல் விவரிக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் கோடை வெப்பத்திலும் விளையும். ஆனால் அதன் தூளும் வெள்ளைதான், அமானிடாவின் தூளும் வெள்ளைதான். பால் காளான் சாப்பிட விரும்புபவர் கடையில் வாங்கட்டும்.

வைக்கோல் காளானைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. நெல் வைக்கோலிலும் வாழைக் கழிவிலும் முளைக்கும் இது உண்ணத்தக்கது. ஆனால் இதன் அடியிலும் பை உண்டு. அமானிடாவுக்கும் பை உண்டு. முட்டைப் பருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலிருக்கும். வைக்கோல் காளானின் பை கருஞ்சாம்பல் நிறம், தூள் இளஞ்சிவப்பு. அமானிடா ஃபல்லாய்டீஸின் பை வெள்ளை, தூளும் வெள்ளை. அந்த அமானிடா ஐரோப்பாவைச் சேர்ந்தது. ஓக் மரக் கன்றுகளோடு ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போய்ப் பரவிவிட்டது. 2012 புத்தாண்டின்போது கான்பெராவில் அதைச் சமைத்துச் சாப்பிட்ட இருவர் இறந்தார்கள். ஆசியாவிலிருந்து போனவர்கள் ஊரில் பழகிய வைக்கோல் காளான் என்று அதை நினைத்துவிடுவதை அங்குள்ள மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். மெல்போர்னிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம் மக்களும் இந்த நாளிதழை இணையத்தில் படிக்கிறார்கள். அங்கே பூங்கா மரத்தடியில் முளைத்ததை ஊர் ஞாபகத்தில் பறிக்க வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

காளான் அறிவு இடத்தோடு ஒட்டியது. மலையில் வாழும் பழங்குடிப் பெரியவர்கள் எந்த மரத்தடி, எந்த மண், எத்தனையாவது மழை என்பதையெல்லாம் சேர்த்துத்தான் ஒரு காளானை அறிகிறார்கள். அவர்களே வேறு மலைக்குப் போனால் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பசிக்குப் பறித்தவர்களை அறியாமை என்று ஏசுவதில் பயனில்லை. நஞ்சுக் காளானின் அடையாளத்தை அவர்கள் மொழியில், அவர்கள் கைக்குக் கிடைக்கும்படி யாரும் தரவில்லை.

கைபேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளையும் இளைஞர்கள் நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அடித்தண்டும் தெரியாது, தூளும் தெரியாது. அதை வைத்துச் செயலி சொல்வது ஊகம். பெயரைத் தேடத் தொடங்குவதற்கு உதவலாம். அடுப்பில் ஏற்ற உதவாது.

உறுதியாக அடையாளம் கண்ட புற்றுக்காளானும் நேரம் தவறினால் கெடுதல் செய்யும். விடியற்காலையில் பறித்ததை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். பாலித்தீன் பையில் கட்டினால் வேர்த்துக் குழகுழவென்று ஆகிவிடும். ஓலைக்கூடையிலோ தாளிலோ எடுத்து வாருங்கள். சந்தேகமான ஒன்றைத் தனிப் பொட்டலமாக வையுங்கள். நல்லவற்றோடு கலந்தால் உடைந்த துண்டை அப்புறம் பிரிக்க முடியாது. பூச்சிமருந்து அடித்த வயல், குப்பைமேடு, வண்டிகள் ஓயாத சாலை ஓரம் ஆகிய இடங்களில் பறிக்காதீர்கள். காளான் மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்ன வேண்டாம். இருபது நிமிடமாவது வேகட்டும். முதல்முறை சாப்பிடுபவர் ஒரு கரண்டியோடு நிறுத்தி மறுநாள் வரை பார்க்கட்டும். சமைக்காத முழுக் காளான் ஒன்றைத் தாளில் சுற்றி இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டால் எறிந்துவிடலாம்.

ஏதாவது ஆகிவிட்டால் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்பதுதான். சாப்பிட்டு இரண்டு மூன்று மணிக்குள் தொடங்கினால் பெரும்பாலும் குடலோடு நிற்கும் நஞ்சு. ஆறு மணி நேரம் கழித்து, அதாவது இரவு சாப்பிட்டு விடிந்த பிறகு தொடங்கினால் ஈரலைத் தாக்கும் அமானிட்டின் என்றே எண்ணி ஓட வேண்டும். பல காளான்களைக் கலந்து சமைத்திருந்தால் இந்தக் கணக்கும் குழம்பும்; சீக்கிரம் வாந்தி வந்ததே என்று ஆறுதல் கொள்ள முடியாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுக்காதீர்கள்; ஏற்கெனவே தாக்கப்பட்ட ஈரலுக்கு அது கூடுதல் சுமை. 108-ஐ அழையுங்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லாரும், நலமாக இருப்பவரும் சேர்ந்து போக வேண்டும். மிச்சக் குழம்பையும், குப்பையில் கிடக்கும் நறுக்கிய அடித்தண்டையும் எடுத்துப் போங்கள்.

குடும்பத்தினர் பெரும்பாலும் ஏமாறும் இடம் இரண்டாம் நாள். வாந்தியும் பேதியும் நின்று, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரிப்பார். அமானிட்டின் ஈரல் செல்களில் புரத உற்பத்தியையே முடக்குகிறது. வெளியே தெளிவு தெரியும் அந்த நேரத்தில் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள் காமாலை, இரத்தக்கசிவு, நினைவு தப்புதல் என்று வரும். எனவே தேறியதுபோல் இருந்தாலும் ஈரல் பரிசோதனையும் இரத்தம் உறையும் நேரப் பரிசோதனையும் மூன்று நாளாவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆரம்பத்திலேயே வந்தால் அசிட்டைல்சிஸ்டீன், சிலிபினின் போன்ற மருந்துகளும், தேவைப்பட்டால் ஈரல் மாற்றும் பயன்படும். தில்லி எய்ம்ஸ் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தில் மருத்துவர்கள் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நஞ்சு சிகிச்சை மையம் இயங்குகிறது.

இனி உங்களிடம் எங்கள் வேண்டுகோள். காளான் விஷச் செய்திகளில் அந்தக் காளானின் பெயர் ஏறக்குறைய எப்போதும் இருப்பதில்லை. ‘விஷக் காளான்’ என்ற ஒரு சொல்லோடு செய்தி முடிந்துவிடுகிறது. பாம்புக் கடி என்றால் எந்தப் பாம்பு என்று கேட்கும் நாம் காளானுக்குக் கேட்பதில்லை. மிச்சமிருந்த காளானை அருகிலுள்ள வேளாண் கல்லூரிக்கோ தாவரவியல் துறைக்கோ அனுப்பினார்களா என்று உங்கள் நிருபர்கள் மருத்துவமனையில் ஒரு கேள்வி கேட்டாலே போதும். கேட்கக் கேட்க அது வழக்கமாகிவிடும். இரண்டு மூன்று மழைக்காலம் இப்படிப் பெயர் சேர்ந்தால், எந்த மாவட்டத்தில் எந்தக் காளான் ஆளைச் சாய்க்கிறது என்று நமக்கே தெரியவரும்.

முறம் அளவு காளான் படங்களையும் நிறுத்தச் சொல்லவில்லை. போடும்போது குடையின் மேற்புறம் ஒன்று, திருப்பிச் செவுள் தெரிய ஒன்று, மண்ணிலிருந்து தோண்டிய அடித்தண்டு முழுதும் தெரிய ஒன்று என மூன்று படமாக, அளவு தெரிய ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்காசுக் கட்டம் வந்த இடத்தில் அந்த மூன்று படங்களைப் போடலாம்.

இப்படிக்கு,
காளான் வளர்ப்போரும் தாவரவியல் ஆசிரியர்களும் சிலர்,
ஈரோடு மாவட்டம்.